ஹிமாலயனுக்கு ஏர் ஹார்ன் மாட்டினேன், கழற்றினேன்

மேல்மருவத்தூர் தாண்டி, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. ஜிஎஸ்டி ரோட்டில் வலது லேனில் என் ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் பைக்கில் 90-ல் போய்க்கொண்டிருந்தேன். இடது பக்கம் ஒரு வெள்ளை எஸ்யூவி, நாலு கண்ணாடியும் ஏற்றியிருந்தது. அதன் பின்கதவு வரைக்கும் என் முன்சக்கரம் போய்விட்டது, அந்த நேரம் பார்த்து, இண்டிகேட்டர் எதுவும் இல்லாமல், தூக்கத்தில் புரண்டு படுப்பவர் மாதிரி மெதுவாக என் பக்கம் சாய ஆரம்பித்தார். கட்டைவிரல் தானாக ஹார்னுக்குப் போனது. ‘பீப்’. மறுபடியும் ‘பீப் பீப்’. இருநூறு கிலோவுக்குக் கொஞ்சம்தான் குறைவான வண்டி, குரல் மட்டும் கண் திறக்காத நாய்க்குட்டியுடையது. பிரேக்கைப் பிடித்து, சென்டர் மீடியனில் வளர்ந்திருக்கும் அரளிச் செடி வலது கைப்பிடியைச் சரசரவென்று உரச, எப்படியோ பின்னால் வந்துவிட்டேன்.

கை நடுக்கம் நிற்பதற்குள் அடுத்த டோல்கேட் வந்தது. டூவீலருக்குக் காசு கிடையாது, ஓரமாகப் போய்விடலாம். ஆனால் எனக்கு அந்த ஆளைப் பார்க்காமல் போக மனசில்லை. நிறுத்திவிட்டுப் போய்க் கண்ணாடியைத் தட்டினேன். இறங்கியது. உள்ளேயிருந்து ஏசி காற்று, பாட்டு, பின்சீட்டில் தூங்கும் குழந்தை. நான் கத்த வாயைத் திறக்கும் முன்பே அவர் பதறிப்போய், “ஹார்ன் அடிச்சீங்களா சார்? சத்தியமா கேக்கவே இல்ல சார்” என்றார். பொய் சொல்லவில்லை, முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. என்ன சொல்வது? “பாத்துப் போங்க” என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். அன்றைக்குத்தான் முடிவு செய்தேன், சத்தமான ஹார்ன் ஒன்று மாட்டியே தீர வேண்டும், அதுவும் சாதாரண சத்தம் இல்லை, லாரிச் சத்தம்.

நாம் லாரியில் கேட்கும் ஏர் ஹார்னுக்கும் பைக்குக்கு என்று விற்கும் ஏர் ஹார்னுக்கும் ஒரு அடிப்படை வித்தியாசம் உண்டு. லாரி, பஸ்களில் பிரேக்கே காற்றில்தான் ஓடுகிறது. அதற்காக எஞ்சினோடு ஒரு கம்ப்ரஸர், காற்று நிரம்பிய டேங்க் எல்லாம் ஏற்கெனவே இருக்கும். அந்த டேங்கிலிருந்து ஒரு குழாயை இழுத்து நீளமான குழலில் விட்டால் போதும், ஊரே திரும்பிப் பார்க்கும். பைக்கில் அந்த டேங்க் கிடையாது. அதனால் பைக் ஏர் ஹார்னில் சின்ன மோட்டார் ஒன்று இருக்கும். ஸ்விட்சை அழுத்தும்போது அந்த மோட்டார் சுற்றி, அங்கேயே காற்றை அழுத்தி, நத்தை ஓடு மாதிரி சுருண்ட குழலுக்குள் தள்ளும். வெளிநாட்டில் டூரிங் பைக் ஓட்டுகிறவர்கள் விரும்பி மாட்டுவது இத்தாலியின் ஸ்டெபெல் நாட்டிலஸ், அப்புறம் டெனாலி சவுண்ட்பாம். இரண்டுமே மோட்டாரும் குழலும் ஒன்றாக ஒட்டிய, உள்ளங்கையில் அடங்குகிற சைஸ். நம் ஊர்க் கடைகளில் அதே தோற்றத்தில் பெயர் தெரியாத வகையறாக்கள் நிறையக் கிடைக்கின்றன.

பெட்டி மேலே போட்டிருக்கும் டெசிபல் எண்ணை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். எத்தனை தூரத்தில் அளந்தது என்று சொல்லாத டெசிபலுக்கு அர்த்தமே கிடையாது. திறந்த வெளியில் தூரம் இரண்டு மடங்கானால் சுமார் 6 டெசிபல் குறையும். 139 டெசிபல் என்று ஒருவர் போடுகிறார், அது குழல் வாயிலிருந்து 10 சென்டிமீட்டரில் அளந்தது என்று வைத்துக்கொள்வோம். 2 மீட்டரில் அதே ஹார்ன் 113 சொச்சம்தான். இன்னொருவர் 2 மீட்டரில் அளந்து நேர்மையாக 113 என்று போட்டிருப்பார், நாம் அவரை விட்டுவிட்டு 139-ஐத் தூக்கிக்கொண்டு வருவோம். இரண்டும் ஒரே சத்தம். இன்னொன்று, 10 டெசிபல் கூடினால்தான் நம் காதுக்கு ‘இரண்டு மடங்கு சத்தம்’ என்று தோன்றும். ஒரே மாதிரி ஹார்ன் இரண்டு மாட்டினால் கூடுவது வெறும் 3 டெசிபல். இதெல்லாம் தெரிந்தும் நான் என்ன செய்தேன் என்று கேட்காதீர்கள். சரி, சொல்கிறேன்.

ஜி.பி. ரோட்டுக்குப் போனேன். சென்னைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, வண்டிக்கு அலங்காரம் என்று எது தேடினாலும் அங்கேதான். கடைக்காரர் கவுண்டர் மேலேயே ஒரு பழைய பேட்டரியை வைத்திருக்கிறார், ஹார்னை அதில் தொட்டுக் காட்டுவதற்கு. முதலில் சின்னதாக ஒன்று தொட்டார், பிறகு கொஞ்சம் பெரிது, மூன்றாவதாக சிவப்பு நிறத்தில் கம்ப்ரஸர் ஹார்ன். அதைத் தொட்டதும் எதிர் டீக்கடையில் நின்றவர் கிளாஸோடு துள்ளினார். “இதான் சார் மாஸ்” என்றார் கடைக்காரர். அந்தக் குறுகலான கடையில் நாலு சுவருக்குள் எது அடித்தாலும் மாஸாகத்தான் இருக்கும் என்பது எனக்கு உறைக்கவில்லை. அந்த எஸ்யூவிக்காரர் முகம்தான் கண் முன்னால். 1,100 ரூபாய் சொன்னார், 950-க்கு முடித்தேன், ரிலேயும் ஒயரும் தனி.

மாட்டுவதைப் பற்றி விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் எந்த ஹார்ன் மாட்டினாலும் இந்த வேலை ஒன்றுதான், பெரும்பாலானவர்கள் கோட்டை விடுவதும் இங்கேதான்.

கம்ப்ரஸர் ஹார்ன் 18 ஆம்பியர் வரை இழுக்கும். 12 வோல்ட்டில் கணக்குப் போட்டால் 216 வாட். ஹிமாலயன் 411-இன் ஹெட்லைட் டிப்பில் 55 வாட். அதாவது நாலு ஹெட்லைட்டை ஒரே நேரத்தில் போடுகிற மாதிரி. இதைப் பழைய ஹார்னின் மெலிசான ஒயரிலேயே சொருகினால், ஃபியூஸ் போகும், அல்லது ஹேண்டில்பார் ஸ்விட்சின் உள்ளே இருக்கும் சின்னப் பித்தளைத் தகடு கருகும். சிலர் ஃபியூஸ் அடிக்கடி போகிறதே என்று பெரிய ஃபியூஸ் போடுவார்கள். அப்புறம் ஃபியூஸுக்குப் பதில் ஒயர் எரியும். தயவுசெய்து வேண்டாம்.

அதனால் ரிலே. பேரைக் கேட்டு மிரள வேண்டாம், வீட்டில் மோட்டார் ஸ்டார்ட்டர் எப்படியோ அப்படித்தான். சின்ன கரண்ட் போய்ப் பெரிய கரண்டைத் திறந்துவிடும். நாலு கால் இருக்கும், அடியில் 30, 85, 86, 87 என்று எழுதியிருக்கும். 30-க்கு பேட்டரி பாசிட்டிவிலிருந்து நேராக ஒயர், நடுவில் 20 ஆம்பியர் ஃபியூஸ். அந்த ஃபியூஸ் பேட்டரிக்கு ஒரு சாண் தூரத்துக்குள் இருக்க வேண்டும், ஹார்ன் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தால் வழியில் ஒயர் எங்கேயாவது உரசி ஷார்ட் ஆகும்போது அதைக் காப்பாற்ற ஆளிருக்காது. 87-லிருந்து புது ஹார்னின் பாசிட்டிவுக்கு. ஹார்னின் நெகட்டிவைச் சட்டத்தில் எங்கேயாவது பெயின்ட் மேல் வைத்து முறுக்காமல், தனி ஒயராக பேட்டரி நெகட்டிவுக்கே கொண்டுபோங்கள். மீதி 85, 86. பழைய ஹார்னில் சொருகியிருந்த இரண்டு ஒயர்களையும் கழற்றி இந்த இரண்டிலும் சொருகிவிட வேண்டியதுதான், எது எதில் என்ற கவலை சாதா ரிலேயில் கிடையாது. சில வண்டிகளில் ஹார்ன் ஸ்விட்ச் பாசிட்டிவ் பக்கம் இருக்கும், சிலவற்றில் எர்த் பக்கம் இருக்கும், இப்படிச் செய்தால் இரண்டுக்கும் பொருந்தும். உள்ளே டயோடு வைத்த ரிலே என்றால் மட்டும் 85, 86 மாறக்கூடாது.

ஒயர் தடிமன் 2.5 ஸ்கொயர் எம்எம். “அரை ஸ்கொயரே போதும் சார்” என்பார்கள், கேட்காதீர்கள். போக வர மொத்தம் 3 மீட்டர் ஒயர் என்று வையுங்கள். 0.5 ஸ்கொயர் ஒயரில் 18 ஆம்பியர் ஓடினால் வழியிலேயே 2 வோல்ட்டுக்கு மேல் தொலைந்துவிடும். 2.5-ல் அது அரை வோல்ட்டுக்கும் கீழே. ஹார்ன் விலையில் கால்வாசி கூட வராத ஒயரில் மிச்சம் பிடித்து, ஹார்னுக்குப் பட்டினி போடுவானேன்.

கம்பெனி ஒயரை எங்கேயும் வெட்டவில்லை. வாரண்டி ஒரு காரணம், இரண்டு வருஷம் கழித்து வண்டியை விற்கும்போது எல்லாவற்றையும் பழையபடி மாட்டிக் கொடுக்கலாம் என்பது இன்னொரு காரணம். எல்லாமே கிரிம்ப் செய்த, அதாவது இடுக்கியால் நெருக்கி இறுக்கிய டெர்மினல்தான், மேலே சூடு காட்டினால் சுருங்கும் குழாய். ஒயரை முறுக்கிக் கறுப்பு டேப் சுற்றினால், வெயில் காலத்தில் பசை உருகி, மழைக் காலத்தில் தண்ணீர் ஏறி, ஆறு மாதத்தில் பச்சை பூத்துவிடும். டேங்கைக் கழற்ற எனக்குச் சோம்பல். பழைய சைக்கிள் பிரேக் கேபிள் ஒன்றை முன்னாலிருந்து டேங்குக்கு அடியில் நுழைத்துப் பின்னால் வெளியே எடுத்து, அதன் நுனியில் ஒயரைக் கட்டி இழுத்தேன். மூன்றாவது முயற்சியில் வந்தது. முதல் இரண்டில் வந்ததை இங்கே எழுதினால் மரியாதையாக இருக்காது.

ஹார்னை எங்கே உட்கார வைப்பது என்பதில்தான் ஒரு மதியம் போனது. கம்ப்ரஸர் வகை நிமிர்ந்துதான் நிற்க வேண்டும், படுக்க வைத்தால் மோட்டாருக்குள் தண்ணீர் தங்கும். ஹிமாலயனில் டேங்குக்கு இரண்டு பக்கமும் முன்னால் நீண்டிருக்கும் கம்பிச் சட்டம் இருக்கிறதே, அதில் இடது பக்கம் ஒரு கிளாம்ப் போட்டேன். போட்டதும் சந்தோஷத்தில் முறுக்கி முடித்துவிடாமல், ஹேண்டில்பாரை இரண்டு பக்கமும் கடைசி வரை திருப்பிப் பார்க்க வேண்டும். நான் திருப்பினேன், வலது பக்கம் சரி, இடது பக்கம் ஃபோர்க், அதாவது முன்சக்கரத்தைத் தாங்கும் குழாய், போய் ‘டொக்’ என்று ஹார்னில் இடித்தது. அப்படியே ஓட்டியிருந்தால் முதல் யூ-டர்னிலேயே விழுந்திருப்பேன். கிளாம்ப்பைக் கழற்றி, இரண்டு விரற்கடை வெளியே தள்ளி, மறுபடியும் மாட்டி, அப்புறம் தம்பியை வண்டி மேல் ஏறி உட்கார்ந்து முன்பிரேக்கைப் பிடித்துக்கொண்டு குதிக்கச் சொன்னேன், ஃபோர்க் அமுங்கும்போது மட்கார்டு தொடுகிறதா என்று பார்க்க.

தொடவில்லை. சாவியைப் போட்டு அழுத்தினேன். ‘பாஆஆம்’. மாடியில் காயப்போட்டிருந்த வடாமுக்குக் காவல் இருந்த அம்மா எட்டிப் பார்த்து, “ஏண்டா, தெருவுக்குள்ள லாரி வருதா?” என்றார். அதைவிடப் பெரிய சர்டிபிகேட் எனக்குத் தேவைப்படவில்லை.

ஒரு வாரம் நன்றாக இருந்தது. நெடுஞ்சாலையில் அழுத்தினால் கார்கள் விலகின, உண்மையாகவே. ஆனால் ஒரு விஷயம் உறுத்த ஆரம்பித்தது. கம்ப்ரஸர் வேகம் பிடிக்கக் கொஞ்ச நேரம் வேண்டும். கால் நொடி என்றே வைத்துக்கொள்ளுங்கள், 90-ல் போகும்போது அது 6 மீட்டர், ஒரு காரை விட நீளம். அதுகூடப் பரவாயில்லை. அதனால் சின்னதாகத் தட்ட முடியாது என்பதுதான் தொல்லை. நம் ஊர் ரோட்டில் ஹார்ன் என்பது எச்சரிக்கை மட்டும் இல்லை, அது பேச்சு. லேசாக ஒரு தட்டு தட்டினால் ‘நான் பக்கத்தில் வருகிறேன்’. இரண்டு தட்டு, ‘அண்ணே கொஞ்சம் வழி’. வழி விட்ட லாரிக்கு முன்னால் போனபின் ஒரு தட்டு, ‘நன்றி’. லாரிக்குப் பின்னால் சவுண்ட் ஹார்ன் என்று எழுதி வைத்திருப்பதே இந்தப் பேச்சுக்கு அழைப்புதான். என் புது ஹார்னில் லேசாகத் தட்டினால் ‘புஸ்’ என்று காற்று மட்டும் வரும். கொஞ்சம் சேர்த்து அழுத்தினால் நேராக ‘பாஆஆம்’. நடுவில் எதுவும் கிடையாது. மரியாதையாகப் பேசத் தெரியாத ஒருவனைக் கூடவே கூட்டிக்கொண்டு திரிகிற மாதிரி இருந்தது.

பழைய ஹார்னையும் வைத்துக்கொண்டு, இதற்குத் தனி ஸ்விட்ச் போட்டால் என்ன என்று யோசித்தேன். நிறையப் பேர் அப்படித்தான் வைத்திருக்கிறார்கள். நானும் இரண்டு நாள் அப்படி ஓட்டிப் பார்த்தேன். அவசரத்தில் கட்டைவிரல் பத்து வருஷப் பழக்கத்தில் பழைய பட்டனுக்குத்தான் போகிறது. இன்னொரு பட்டன் இருப்பது ஞாபகம் வரும்போது அவசரம் முடிந்திருக்கும்.

அப்புறம் போளூர் சமாசாரம்.

போளூரிலிருந்து ஜமுனாமரத்தூர் ஏறுவதற்காகப் போய்க்கொண்டிருந்தேன், மலை தொடங்கும் முன்னே உள்ள ஊர்ப்பக்கம். ஒற்றைத் தார் ரோடு. முன்னால் டிவிஎஸ் எக்ஸெல்லில் ஒரு பெரியவர், பின்னால் புல்லுக்கட்டு, கட்டு அவரைவிட உயரம். முப்பது அடி இருக்கும்போது அழுத்தினேன். வேண்டுமென்று இல்லை, சும்மா, வருகிறேன் என்று சொல்ல. அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அப்படியே இடது பக்கம் தாரை விட்டு இறக்கினார், இறக்கின வேகத்தில் முன்சக்கரம் மண்ணில் புதைந்து, எக்ஸெல் ஒரு பக்கம், புல்லுக்கட்டு ஒரு பக்கம், அவர் நல்லவேளை நின்றுகொண்டே இறங்கிவிட்டார்.

வண்டியை நிறுத்திவிட்டு ஓடினேன். அவர் ரோட்டைப் பார்த்தார், எனக்குப் பின்னால் பார்த்தார், மறுபடி என் பைக்கைப் பார்த்தார்.

“பஸ்ஸு எங்க?”

“பஸ் இல்லீங்க ஐயா. நான்தான்.”

“பஸ்ஸுன்னு நெனச்சுத்தாம்பா எறங்குனேன். பைக்குன்னா நான் ஏன் எறங்கறேன், தாராளமா போலாமே” என்றவர், என் சிவப்பு ஹார்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “ஏம்பா, நான் என்ன செவிடா?” என்றார். கோபமாகக் கூட இல்லை. தெரிந்துகொள்ளக் கேட்கிற மாதிரி.

புல்லுக்கட்டைத் தூக்கி வைத்தேன். ஈரப்புல், கனம் தோளை அழுத்தியது. கயிறு போட்டுக் கட்ட எனக்குத் தெரியவில்லை, அவரே கட்டிக்கொண்டார். ஜமுனாமரத்தூர் வரை ஒரு இடத்தில் கூட நான் ஹார்ன் பட்டனைத் தொடவில்லை, வளைவுகளில் தொட வேண்டிய இடத்தில் கூட.

யோசித்துப் பார்த்தால் அவர் செய்தது நூற்றுக்கு நூறு சரி. கிராமத்து ரோட்டில் ஆட்கள் பின்னால் திரும்பிப் பார்ப்பதில்லை, காதால்தான் பார்க்கிறார்கள். பஸ் சத்தம் என்றால் தாரை விட்டு இறங்கு, ஆட்டோ என்றால் ஓரம் போ, பைக் என்றால் அப்படியே போ. நான் பைக்கில் வந்துகொண்டு பஸ் என்று பொய் சொன்னேன், அவர் நம்பினார். சத்தம் கூடியது மட்டும் பிரச்சினை இல்லை, அது யாருடைய சத்தம் என்பதும்தான்.

சட்டம் பற்றி இவ்வளவு தாமதமாக எழுதுவது என் யோக்கியதையைக் காட்டுகிறது, இருந்தாலும். 1989-ஆம் வருஷத்து மத்திய மோட்டார் வாகன விதிகளில் 119-வது விதி, ஒன்றன்பின் ஒன்றாக வெவ்வேறு சுரம் அடிக்கும் ஹார்னையும், அளவுக்கு மீறிக் கரகரப்பாக, கீச்சென்று, பயமுறுத்தும்படி சத்தம் போடும் எதையும் மாட்டக்கூடாது என்கிறது. உச்சவரம்பு 112 டெசிபல். ஒலி மாசு விதியை மீறினால் மோட்டார் வாகனச் சட்டம் 190(2)-ன் கீழ் 10,000 ரூபாய் வரை அபராதம், 3 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். ஹார்ன் சட்டப்படியானதாகவே இருந்தாலும் தேவையில்லாமல் அடித்தால் 194எஃப், முதல் தடவை 1,000, அடுத்த தடவை 2,000. கேரளாவில் 2025 அக்டோபரில் பஸ்களிலிருந்து பறித்த ஏர் ஹார்ன்களை வரிசையாகத் தரையில் பரப்பி, ரோடு ரோலர் ஏற்றி நசுக்கினார்கள். அந்த வீடியோவைப் பார்த்தபோது என் 950 ரூபாய் ஞாபகம் வந்தது. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சர் நிதின் கட்கரி வேறு, ஹார்ன் எல்லாம் புல்லாங்குழல், தபலா, வயலின் மாதிரி நம் ஊர் வாத்திய ஓசையில் இருக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். கத்திப்பாராவில் ஆபீஸ் நேரத்தில் ஐந்நூறு வயலின் ஒரே நேரத்தில் வாசித்தால் எப்படியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

கழற்றினேன். ரிலேயையும் ஒயரையும் அப்படியே விட்டுவிட்டு, புது ஹார்ன் வாங்கும் வரைக்கும் இருக்கட்டும் என்று பழைய ஹார்னையே அந்தப் புது ஒயரில் சொருகினேன். ஃபியூஸை மட்டும் சின்னதாக்கி 10 ஆம்பியர் போட்டேன். அழுத்தியதும் எனக்கே ஆச்சரியம். இது வேறு ஹார்னா? மல்ட்டிமீட்டரை எடுத்தேன். பேட்டரியில் 12.6 வோல்ட். கம்பெனி ஒயரில் ஹார்ன் காலில் அழுத்தும்போது வருவது 10.8. ரிலே வழியாக வந்தால் 12.3. அவ்வளவுதான் விஷயம். ஸ்விட்ச், மெலிசான ஒயர், நாலைந்து கனெக்டர், ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சம் கிள்ளி எடுத்து, பாவம் அந்த ஹார்ன் அரைப் பட்டினியில் கத்திக்கொண்டிருந்திருக்கிறது. இதை முதலிலேயே செய்து பார்த்திருந்தால் போளூர்க்காரர் எக்ஸெல் மேலேயே இருந்திருப்பார்.

ஆனாலும் ‘பீப்’ பீப்தான். அடைத்த கண்ணாடிக்குள் போக அது போதாது, அதற்குக் காரணம் சத்தம் மட்டும் இல்லை, சுருதி. கீச்சென்ற சத்தத்தைக் கண்ணாடி அதிகமாகத் தடுக்கும், கனத்த சத்தத்தைக் குறைவாகத் தடுக்கும். பக்கத்து வீட்டுக் கல்யாணத்தில் பாட்டு வரி கேட்காது, தவில் மட்டும் கேட்கும், இல்லையா, அதே கதை. அதனால் கடைசியில் வாங்கியது விண்ட்டோன் ஜோடி. நம் கோயம்புத்தூர் ரூட்ஸ் கம்பெனியுடையது. இதில் மோட்டார் கிடையாது. உள்ளே ஒரு மின்காந்தம் தகட்டை இழுக்கும், இழுத்ததும் காண்டாக்ட் விலகி கரண்ட் நிற்கும், தகடு திரும்பும், மறுபடி இழுக்கும், பழைய பள்ளிக்கூட எலெக்ட்ரிக் மணி மாதிரி, ஆனால் நொடிக்கு நானூறு ஐந்நூறு தடவை. அந்த அதிர்வு சுருள் குழல் வழியாக வெளியே வரும்போது கனம் ஏறிவிடும். காத்திருக்க வேண்டியதில்லை, தொட்டதும் வரும். லேசாகத் தட்டினால் லேசாகப் பேசும்.

ஜோடியில் ஒன்று தாழ்ந்த சுருதி, 400 ஹெர்ட்ஸ் பக்கம், இன்னொன்று 500 பக்கம். இரண்டும் ஒரே நேரத்தில் அடிக்கும், ஒன்றன்பின் ஒன்றாக இல்லை, அதனால் விதியில் சிக்காது. பாட்டு வகுப்புக்குப் போகும் என் அக்கா மகள் இதைக் கேட்டுவிட்டு, “மாமா, உங்க வண்டி ஸா–கா பாடுது” என்றாள். கணக்கு சரிதான். 4-க்கு 5 என்பது ஷட்ஜத்துக்கும் அந்தர காந்தாரத்துக்கும் உள்ள விகிதம், கல்யாணி பாடுகிறவர்கள் பிடிக்கும் அதே காந்தாரம். காதுக்கு இரண்டும் சேர்ந்து ஒரே குரலாகக் கேட்பது அதனால்தான் போலிருக்கிறது. கார் ஹார்ன்களில் காலங்காலமாக இந்த ஜோடிதான்.

மாட்டும்போது இரண்டு விஷயம். கூடவே வரும் இரும்புப் பட்டையை எறிந்துவிட்டு ஹார்னை நேராகச் சட்டத்தோடு சேர்த்து முறுக்காதீர்கள், அந்தப் பட்டை ஸ்பிரிங் மாதிரி ஆடினால்தான் சத்தம் முழுசாக வரும், ஹார்னின் உடம்பு எதையும் தொடக்கூடாது. குழலின் வாய் கீழே பார்க்க வேண்டும். நான் ஒன்றைக் கீழே பார்க்கவும், இன்னொன்றை இடம் இல்லாமல் கொஞ்சம் மேலே சாய்த்தும் மாட்டினேன். முதல் மழையிலேயே அது தண்ணீர் குடித்துவிட்டது. ஸா சரியாக வருகிறது, கா மட்டும் கிணற்றுத் தவளை. குலுக்கிக் காயவைத்து, அதையும் திருப்பி மாட்டினேன்.

இரண்டும் சேர்ந்து 10 ஆம்பியருக்குள்தான் இழுக்கின்றன. ஃபியூஸை 15 ஆக்கியிருக்கிறேன்.

போன மாதம் வால்பாறை போனோம். ஆழியாறு செக்போஸ்ட் தாண்டி 40 கொண்டை ஊசி. பகலில் எதிரே வரும் பஸ்ஸின் லைட் தெரியாத வளைவுகளில் முன்கூட்டியே ஒரு தட்டு, மேலேயிருந்து பஸ் ஒரு பதில், அவர் இறங்கும் வரை நான் ஓரமாக நிற்பது, இப்படியே போனது பயணம். ஒன்பதாவது வளைவோ பத்தாவதோ, பாறை மேல் வரையாடு இரண்டு நின்றன. பின்னால் வந்த கார்க்காரர் அதை நகர்த்தப்போவதாக நினைத்து ஹார்ன் அடித்துக்கொண்டே இருந்தார். அது நகரவில்லை. அவரைப் பார்த்துக்கொண்டே இலையை மென்றது. நான் இறங்கிப் போய் அவர் கண்ணாடியைத் தட்டினேன், ஏனோ எனக்கு இப்போது இது பழக்கமாகிவிட்டது.

சிவப்பு ஹார்ன் பரணில் இருக்கிறது. நண்பன் ஒருவன் டிராக்டருக்குக் கேட்டான், தரவில்லை. அவன் ஊர் போளூர் பக்கம்.